பத்து பெஞ்சு வாங்கும் முன்: உறுதியும் உட்காரும் சுகமும்

உங்கள் குடியிருப்போர் சங்கம் பூங்காவில் பத்து பெஞ்சு போடப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கல் பெஞ்சு காலத்துக்கும் நிற்கிறது, ஆனால் யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் உட்காருவதில்லை. மர பெஞ்சு உட்கார நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று ஆண்டில் ஆட்டம் கண்டுவிடுகிறது. உறுதி, சுகம் இரண்டில் எதை விட்டுக்கொடுப்பது என்பது உங்கள் கேள்வி.

எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. வெளியிடத்து பெஞ்சுகளைச் செய்வதிலும் பழுதுபார்ப்பதிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். கனமாக இருந்தால்தான் உறுதி, மெத்தென்று இருந்தால்தான் சுகம் என்ற நினைப்பில்தான் பலரும் தவறான பெஞ்சை வாங்குகிறார்கள். பெஞ்சின் உறுதி அதன் இணைப்புகளிலும் தண்ணீர் வடியும் விதத்திலும் இருக்கிறது. அதன் சுகம் சில அளவுகளிலும் ஒன்றிரண்டு கோணங்களிலும் இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை.

முதலில் உறுதியைப் பார்ப்போம். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஆளின் எடையால் உடைந்த பெஞ்சு என்று நான் பார்த்தது மிகக் குறைவு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 6 செ.மீ. அகலமும் 2.5 செ.மீ. கனமும் உள்ள ரீப்பர்கள், அதாவது நீண்ட மரப்பட்டைகள், நான்கு, 1.8 மீட்டர் இடைவெளியில் இரண்டு கால்களின் மேல் கிடக்கின்றன. 80 கிலோ எடையுள்ள ஒருவர் நட்டநடுவில் உட்காருகிறார். ரீப்பர் ஒன்றுக்கு 20 கிலோ. நல்ல மரம் அதன் உடையும் வலுவில் ஒரு சிறு பங்கைத்தான் அப்போது பயன்படுத்துகிறது. உடைவதற்குப் பக்கத்திலேயே போவதில்லை. ஆனால் சுமார் 3 செ.மீ. கீழே வளைகிறது. உட்கார்ந்தவருக்கு நெஞ்சு ‘திக்’ என்கிறது. ஒவ்வொரு முறை வளைந்து நிமிரும்போதும் இரு முனைகளிலும் உள்ள திருகுகள் துளைக்குள் அசைகின்றன. துளை அகலமாகிறது, அதில் தண்ணீர் இறங்குகிறது, மரம் உளுக்கிறது. மூன்றாம் ஆண்டில் நீங்கள் சொன்ன ஆட்டம் வருவது இப்படித்தான். மரம் தோற்கவில்லை, இணைப்பு தோற்றது.

இதைச் சரிசெய்ய இரண்டு எளிய வழிகள் உண்டு. நடுவில் ஒரு கால் கொடுத்து இடைவெளியைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகிவிடும், 3 செ.மீ. வளைந்தது 4 மி.மீ. ஆகிவிடும். அல்லது கனத்தைக் கூட்டலாம். ரீப்பரின் அகலத்தை இரட்டித்தால் வளைவு பாதிதான் குறையும், கனத்தை இரட்டித்தாலோ எட்டு மடங்கு குறையும். 2.5 செ.மீ. கனத்துக்குப் பதிலாக 3.8 செ.மீ. போட்டாலே 3 செ.மீ. வளைவு 9 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடும். விற்பவர்கள் அகலமான பலகையைக் காட்டி “நல்ல கெட்டியான பெஞ்சு” என்பார்கள். நீங்கள் குனிந்து பலகையின் ஓரத்தைப் பாருங்கள், கனம் அங்கேதான் தெரியும்.

மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகை பெஞ்சுகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவை உளுக்காது, கரையான் அரிக்காது, வண்ணம் பூச வேண்டாம். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கின் விறைப்பு, மரத்தின் விறைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதோடு வெயிலில் பளுவைத் தாங்கி நாள்பட இருந்தால் நிரந்தரமாகவே தொய்ந்துவிடும். 60 செ.மீ.க்கு ஒரு தாங்கியும் 4 செ.மீ. கனமும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். மர பெஞ்சின் சட்டத்திலேயே மரத்தை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கை மாட்டியிருந்தால் வேண்டாம். ஓரிரு கோடையிலேயே தொட்டில் மாதிரித் தொங்கும்.

அடுத்தது சாய்மானம். பெஞ்சின் மேல் விழும் மிகக் கொடிய சுமை இங்கேதான் வருகிறது. அங்காடியில் பெஞ்சு பார்க்கப் போகிறவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பின்னால் தள்ளிப் பார்ப்பதில்லை. பொது இடத்தில் என்ன நடக்கிறது? இளைஞர்கள் இருக்கையில் காலை வைத்துச் சாய்மானத்தின் உச்சியில் உட்காருகிறார்கள். சிறுவர்கள் பின்னாலிருந்து பிடித்து ஆட்டுகிறார்கள். களைத்து வந்த ஒருவர் ‘தொப்’பென்று விழுந்து முதுகைச் சாய்க்கிறார். திடீரென ஏறும் சுமை, மெல்ல வைத்த அதே சுமையைப் போல இரண்டு மடங்கு வேலை காட்டும் என்பது பொறியியலின் பாலபாடம். உயரத்திலிருந்து விழுந்தால் அதற்கும் மேல்.

சாய்மானத்தின் உச்சி இருக்கையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அங்கே சாய்மானத்தைப் பிடித்து நிற்கும் ஒரு தாங்கியின் மேல் 40 கிலோ அளவுக்குப் பின்னோக்கித் தள்ளு விழுகிறது. அந்தத் தாங்கியை இருக்கையோடு பிணைக்கும் இரண்டு போல்ட்டுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக 5 செ.மீ. இடைவெளியில் இருந்தால், ஒவ்வொன்றையும் பிய்க்கப் பார்க்கும் விசை 320 கிலோ. அதே போல்ட்டுகளை 15 செ.மீ. தள்ளிப் போட்டிருந்தால் 107 கிலோதான். கூடுதல் இரும்பு வேண்டாம், கூடுதல் செலவு வேண்டாம். துளையிடும் இடம் மட்டும் மாறுகிறது. பட்டறையில் இந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது. சாய்மானமும் பின்காலும் ஒரே துண்டாக, வளைத்தோ வார்த்தோ வந்தால் இந்தக் கவலையே இல்லை. முடிந்தால் அப்படிப்பட்டதையே தேர்ந்தெடுங்கள்.

அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் 2010-இல் வந்த தரநிலைகளில், பெஞ்சுகளின் வலுவைப் பற்றிய விதி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். சுமார் 113 கிலோ எடைக்கு ஈடான விசையை இருக்கையில் மட்டுமல்லாமல், திருகு, பிணைப்பு, தாங்கும் சட்டம் ஆகியவற்றின் எந்த இடத்தில் செலுத்தினாலும் தாங்க வேண்டும் என்கிறது அது. செங்குத்தாக மட்டுமல்ல, கிடைமட்டமாகவும். அந்தக் கிடைமட்டம் என்ற சொல்லை எழுதியவருக்கு பெஞ்சு எப்படி உடைகிறது என்று தெரிந்திருக்கிறது.

இனி தண்ணீர். உட்காருபவர்களைவிடத் தண்ணீர்தான் பெஞ்சுக்குப் பெரிய எதிரி.

ஒருமுறை, வெளியே பார்க்க நேற்று வாங்கியது போலிருந்த ஓர் இரும்பு பெஞ்சைப் பழுதுபார்க்கப் போனேன். வண்ணம் பளபளவென்று இருந்தது. உட்கார்ந்தால் மட்டும் ஒரு பக்கம் இறங்குகிறது என்றார்கள். சதுரக் குழாயாலான அதன் காலைச் சுத்தியலால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தேன். மேலே ‘கணீர்’ என்ற ஒலி, தரைக்கு நான்கு விரல் மேலே வந்ததும் மந்தமாகிவிட்டது. இன்னொரு தட்டு தட்டியதும் சுத்தியல் உள்ளே போய்விட்டது. குழாய்க்குள் துருவும் சேறுமாக ஒரு கை நிறைய வந்தது. மேல் மூடியின் இடுக்கு வழியே இறங்கிய மழைநீரும் உள்ளே வியர்த்த ஈரமும் வெளியேற வழியில்லாமல் அடியில் தேங்கி, காலை உள்ளிருந்தே தின்றுவிட்டன. அடியில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்திருந்தால் அந்தக் கால் இன்னும் பல ஆண்டுகள் நின்றிருக்கும்.

ஆகவே இரும்பு என்றால் வண்ணப்பூச்சை மட்டும் நம்பாதீர்கள். வெல்டிங் முடிந்த பிறகு உருகிய துத்தநாகத்தில் முழுதாக முக்கி எடுத்ததா என்று கேளுங்கள். அப்படி முக்கினால்தான் குழாயின் உட்புறத்துக்கும் பூச்சுக் கிடைக்கும். முக்குவதற்காகவே துளைகளும் விட்டாக வேண்டும். 6 மி.மீ.க்கு மேல் கனமுள்ள எஃகுக்குச் சராசரி 85 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.) துத்தநாகம் இருக்க வேண்டும் என்கிறது உலகத் தரநிலை. பவுடர் கோட்டிங், அதாவது தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் வண்ணம், அதற்கு மேல் அழகுக்காக இருக்கட்டும். துத்தநாகம் இல்லாமல் பவுடர் மட்டும் பூசினால், ஒரு கீறல் விழுந்த இடத்தில் துரு தோலுக்கடியில் படர்வது போலப் பரவும். கடற்கரைக்குப் பக்கத்தில் என்றால், துருப்பிடிக்காத எஃகிலும் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகமே வேண்டும். சாதாரண 304 ரகத்தில் உப்புக்காற்று பழுப்புப் புள்ளிகளை வைத்துவிடும். அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் போல்ட் போட்டால் நடுவே நைலான் வாஷர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப் போகும்.

மரத்துக்கும் இதே கதைதான். மரம் நனைவதால் உளுப்பதில்லை, காயாமல் இருப்பதால் உளுக்கிறது. ஈரப்பதம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருக்கும் மரத்தில் உளுக்கவைக்கும் பூஞ்சை வளர முடியாது. மரம் எங்கே காயாமல் இருக்கிறது? ரீப்பர் இரும்புத் தாங்கியின் மேல் அப்பிக்கொண்டு கிடக்கும் இடத்தில். இரண்டுக்கும் நடுவே 3 மி.மீ. நைலான் வாஷரைப் போட்டுத் தூக்கிவிட்டால் காற்று புகுந்து காய்ந்துவிடும். அறுபட்ட முனைகள் உறிஞ்சுகுழல்களைப் போல நீரை இழுக்கும் என்பதால் அங்கே மட்டும் எண்ணெயோ பூச்சோ இரண்டு மூன்று முறை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். தேக்கு என்றால் நல்லது, அதன் எண்ணெய்ப் பசையே அதற்குக் காவல். ஆனால் தப்பாகப் பிணைத்த தேக்கைவிடச் சரியாகப் பிணைத்த சாதாரண மரம் நெடுநாள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கான்கிரீட் பெஞ்சில் உள்ளே இருக்கும் கம்பியைப் பாருங்கள். அதாவது, அது தெரியக்கூடாது. மெலிதாக, அழகாக வார்க்க வேண்டும் என்று கம்பியை விளிம்புக்கு ஒட்டி வைத்துவிட்டால் ஈரம் எட்டி, துரு பருத்து, மேல்காரையைப் பிளந்து தள்ளும். விளிம்பில் பழுப்புக் கோடு தெரிந்தால் அதற்கு நாள் குறித்தாகிவிட்டது என்று பொருள். வார்ப்பிரும்புக் கால்கள் பாரத்தை அழகாகத் தாங்கும், ஆனால் சம்மட்டி அடியையோ லாரியிலிருந்து இறக்கும்போது விழும் அதிர்ச்சியையோ தாங்காது. ‘படக்’கென்று உடையும், சுலபமாக வெல்டும் ஏறாது.

இப்போது சுகத்துக்கு வருகிறேன். இதைச் சாதாரணமாக யாரும் அளந்து பார்ப்பதில்லை என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நாம் தொடையால் உட்காருவதில்லை. இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளின் மேல்தான் உட்காருகிறோம். கல்லில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் உறுத்தத் தொடங்குவது அவைதான். அப்போது என்ன செய்கிறோம்? முதுகைப் பின்னால் சாய்த்துப் பளுவைப் பகிர்ந்துகொள்ளப் பார்க்கிறோம். கல் பெஞ்சில் சாய்மானம் இல்லை. அதனால் எழுந்து போய்விடுகிறோம். உங்கள் பூங்காவில் நடப்பதும் இதுதான். குற்றம் கல்லின் கடினத்தில் இல்லை. பார்சிலோனாவில் 1900 முதல் 1914 வரை கட்டப்பட்ட குவெல் பூங்காவில், கட்டடக் கலைஞர்கள் அந்தோனி கவுதியும் ஜூஜோலும் அமைத்த பாம்பு போல நெளியும் நீண்ட இருக்கை இருக்கிறது. முழுக்க உடைந்த ஓடுகள் பதித்தது, கல்லைப் போலவே கடினம். ஆனால் முதுகின் கீழ்ப்பகுதியைத் தாங்கும்படி சாய்மானம் வளைந்து வருவதால் மக்கள் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். மெத்தை செய்யும் வேலையை வடிவமே செய்துவிடுகிறது.

அளவுகள் இவை. தரையிலிருந்து இருக்கையின் முன்விளிம்பு 43 முதல் 46 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். இதைவிட உயர்ந்தால் குள்ளமானவர்களுக்குப் பாதம் தரையில் படியாது. தொடையின் அடிப்பக்கத்தில் விளிம்பு அழுத்திக் கால் மரத்துப்போகும். தாழ்ந்தால் முதியவர்களால் எழ முடியாது. ஆழம், அதாவது முன்விளிம்பிலிருந்து சாய்மானம் வரை, 40 முதல் 45 செ.மீ. வரை. 50-ஐத் தாண்டினால் உயரம் குறைந்தவர் சாய்மானத்தை எட்டவே முடியாது; எட்டினால் முழங்காலின் பின்மடிப்பில் விளிம்பு வெட்டும். இருக்கை பின்னோக்கி ஐந்து பாகை அளவு சரியட்டும், சாய்மானம் இருக்கையோடு 100 முதல் 110 பாகை வரை திறந்திருக்கட்டும். நேர் செங்கோணத்தில் நிற்கும் சாய்மானம் ஆளை முன்னால் தள்ளுகிறது. அதில் உட்கார்ந்தவர் நழுவி நழுவிக் கடைசியில் முதுகுத்தண்டின் நுனியில் உட்கார்ந்திருப்பார். முன்விளிம்பை மட்டும் கட்டைவிரல் பருமனுக்கு உருட்டிவிடச் சொல்லுங்கள். ஒரே ஒரு ரீப்பரை இழைப்பதுதான் வேலை.

இருக்கையைப் பின்னால் சரித்தால் தண்ணீர் தேங்காதா என்று கேட்கலாம். பலகைகளுக்கு நடுவே ஒரு செ.மீ. இடைவெளி இருந்தால் வடிந்துவிடும். ஒற்றைத் தகடாகவோ ஒற்றைக் கல்லாகவோ இருந்தால்தான் சிக்கல். அதற்குத் தாழ்ந்த இடத்தில் துளையிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பெஞ்சில் உட்காருவது எளிது, எழுவதுதான் வேலை. ஒரு பெஞ்சைச் சரிபார்க்கப் போயிருந்தபோது ஒரு பாட்டி அதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். கிளம்ப நினைத்தவர் முதலில் கைத்தடியை ஊன்றிப் பார்த்தார், அது வழுக்கியது. பிறகு இரு கைகளாலும் பலகையின் விளிம்பைப் பிடித்துத் தள்ளினார், பலகை வளைந்து கொடுத்தது. மூன்றாம் முறை என்னைப் பார்த்து, “தம்பி, ஒரு கை கொடு. உட்காரும்போது இதை யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டேன்” என்றார். அந்த பெஞ்சில் கைப்பிடி இல்லை. அடியில் முன்பக்கம் முழுக்க ஒரு குறுக்குச் சட்டம் ஓடியது. மனிதர் எழும்போது பாதத்தை உடலுக்கு அடியில் பின்னுக்கு இழுத்துக்கொண்டால்தான் எடை கால் மேல் வரும். அந்தச் சட்டம் பாதத்தை உள்ளே விடவில்லை. இரண்டு தவறும் வரைபடத்தில் யார் கண்ணுக்கும் படாதவை.

எனவே கைப்பிடி கட்டாயம் வேண்டும். இருக்கையிலிருந்து 20 செ.மீ. அளவு உயரத்தில், முன்விளிம்பு வரை நீண்டு, உள்ளங்கை சுற்றிப் பிடிக்கும் பருமனில் இருக்க வேண்டும். முன்பக்கம் அடியில் வெறுமையாக இருக்கட்டும். எழும்போது எடையில் நல்ல பங்கு கைப்பிடியில் இறங்கும் என்பதால் அதன் பிணைப்பும் சாய்மானத்தைப் போலவே கெட்டியாக இருக்க வேண்டும். நடுவில் கைப்பிடி வைப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. யாரும் படுத்துவிடக்கூடாது என்ற ஒரே எண்ணத்தில் பல நகரங்களில் இப்படி வைக்கிறார்கள். இலண்டனின் கேம்டன் பகுதிக்காக 2012-இல் வந்த கான்கிரீட் பெஞ்சு, படுக்கவே முடியாதபடி மேற்பரப்பையே கோணலும் சரிவுமாகச் செய்து பெயர் வாங்கியது. மனிதர்களை விரட்டுவதற்காகச் செய்த இருக்கையில் யாருக்கும் சுகம் இருக்காது, களைத்து வந்த முதியவருக்கும் சேர்த்துத்தான். நான் நடுவில் ஒரு கைப்பிடி வைக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக: மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நடுவில் இருப்பவருக்கும் எழும்போது பிடிக்க ஏதாவது வேண்டும். அதைச் சரிபாதியில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள், ஜோடியாக வருபவர்கள் சேர்ந்து உட்கார இடம் இருக்கும். ஒரு பக்கத்தில் சக்கர நாற்காலி வந்து நிற்க, ஒரு மீட்டர் அகலத்துக்குத் தளம் விடுங்கள். நாற்காலியில் வருபவர் எதிரே நிற்காமல் பக்கத்திலேயே இருந்து பேசலாம்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே வெயிலில் ஒரே சூட்டில் இருந்தாலும் இரும்பு சுடும், மரம் பொறுக்கும். எஃகு சூட்டை மரத்தைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகமாகத் தோலுக்குக் கடத்துவதுதான் காரணம்; கிரானைட் இரண்டுக்கும் நடுவில். உடம்பு படும் இடமெல்லாம் மரம், பளு தாங்கும் இடமெல்லாம் இரும்பு என்ற பழைய முறைக்கு இன்றும் நான் மாற்று காணவில்லை. ஏற்கெனவே இருக்கும் கல் பெஞ்சுகளை உடைத்துப் போடாதீர்கள். மேலே நான்கு ரீப்பரும் பின்னால் கல்லையே துளைத்துப் பிணைத்த ஒரு சாய்மானமும் கொடுத்தால் அவை நல்ல பெஞ்சுகளாகிவிடும். கல் ஏற்கெனவே உயரமாக இருந்தால் மட்டும் ரீப்பரின் கனத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் மாதிரி பெஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி, நீங்களே சோதியுங்கள். இருபது நிமிடம் உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் எந்த பெஞ்சும் நன்றாகத்தான் இருக்கும். சங்கத்தில் மிகக் குள்ளமானவரையும் மிக வயதானவரையும் உட்காரவைத்து, கை கொடுக்காமல் எழச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் கோடியில் உட்கார்ந்தால் மறுகோடி தூக்குகிறதா என்று பாருங்கள். பின்னால் நின்று சாய்மானத்தை இரு கையாலும் பிடித்து நன்றாக ஆட்டுங்கள். ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டுக் கால்மணி நேரம் கழித்து வாருங்கள். எங்கே இன்னும் ஈரம் நிற்கிறதோ, அங்கேதான் அந்த பெஞ்சு முதலில் கெடும். கடைசியாகக் கீழே படுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மரத்தில் திருகு மட்டும் ஏறியிருக்கிறதா, மறுபக்கம் வரை வந்து வாஷரும் நட்டும் போட்ட போல்ட்டா என்று அங்கே தெரியும். போல்ட்தான் வேண்டும்.

தரையை மறந்துவிடாதீர்கள். மண்ணிலோ புல்லிலோ நேரடியாகப் போட்ட பெஞ்சின் முன்னால், உட்காருபவர்களின் கால் தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம் விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 5 செ.மீ. பள்ளம் விழுந்தால் 45 செ.மீ. பெஞ்சு 50 செ.மீ. ஆகிவிட்டது. மழை பெய்தால் அதில் குட்டை நிற்கும், யாரும் அண்டமாட்டார்கள், முன்கால்கள் ஈரத்திலேயே ஊறும். பெஞ்சுக்கு அடியிலும் முன்னால் ஒரு மீட்டர் வரையிலும் தளம் போட்டு, அது பாதைப் பக்கம் லேசாகச் சரியும்படி விட்டு, கால்களை அந்தத் தளத்தில் நங்கூர போல்ட்டால் பிணைத்துவிடுங்கள்.

புது மரம் முதல் கோடையில் காய்ந்து சுருங்கும், அதனால் எவ்வளவு இறுக்கிய நட்டும் கொஞ்சம் தளரும். பெஞ்சு போட்ட முதல் கோடை முடிந்ததும் பத்து பெஞ்சையும் ஒரு காலைப் பொழுதில் சுற்றிவந்து எல்லா நட்டுகளையும் ஸ்பேனரால் அரைச் சுற்று இறுக்க ஒருவரை நியமியுங்கள். அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.